கயிற்றைப் பிடித்திருந்த கை



மௌலவி அவர்களே, சிலாவத்துறையிலிருந்தும் அரிப்பிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரியர்களே, கைப்பிள்ளைகளோடு பின்னால் நிற்கும் உம்மாமாரே, முன்னால் பாயில் இருக்கும் என் பிள்ளைகளே!

வாசிப்பு மாதக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று கேட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகம் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அதிலும் ஒரு வகைப் புத்தகம். கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, பேச்சுத் தடுக்கும் பிள்ளை, மற்றவர்கள் யோசிக்கிற மாதிரி யோசிக்காத பிள்ளை வருகிற புத்தகம். வந்து அழுதுவிட்டுப் போகிற புத்தகம் இல்லை. வந்து விளையாடிவிட்டுப் போகிற புத்தகம்.

புத்தகத்துக்குப் போகுமுன் என் வீட்டுக் கதை ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு சின்னாப்பா இருந்தார். வாப்பாவின் தம்பி. பிறந்ததிலிருந்து காது கேளாது, அதனால் பேச்சும் வரவில்லை. ஊரில் அவரை ‘ஊமையன்’ என்பார்கள். நாங்கள் சொந்தப் பிள்ளைகள், ‘ஊமைச் சின்னாப்பா’ என்போம். அது ஒரு மனிதரைக் கூப்பிடுகிற முறையா என்று எங்களுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இந்தக் கரையை விட்டு எல்லோரும் போனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. கற்பிட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடுகுக் கொட்டில். நிவாரண அட்டைக்குப் பெயர் பதிய வரிசையில் நின்றோம். எழுதுகிறவர் சின்னாப்பாவைப் பார்த்துவிட்டு எங்களிடம், “இவருடைய பெயர் என்ன?” என்று கேட்டார். நானும் என் நானாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுக்குத் தெரியாது. ஒரே வளவுக்குள் ஒன்பது வருடம், அவர் தோளில் ஏறி இருந்திருக்கிறேன், அவர் பெயர் எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற உம்மம்மாதான் விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து அந்தப் பெயரைச் சொன்னார். நல்ல பெயர். வாப்பாவின் பெயரோடு எதுகை மாதிரிச் சேர்கிற பெயர். அதை ஒரு வெளியாள் பேனையால் எழுதும்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அவருடைய பேரன் ஒருவன் அந்தப் பெயரோடு இந்தக் கூட்டத்தில் இருக்கிறான். பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால் பெயரை மேடையில் சொல்லாமல் விடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது வாப்பா சொல்லித் தெரிந்தது. கடலில் சின்னாப்பா வேறு ஆளாம். எஞ்சின் சத்தத்தில், காற்று இரைச்சலில், போட்டுக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேளாது. எல்லோரும் கையால்தான் பேச வேண்டும். வலையை விடு, இழு, கல் கிடக்கிறது, மீன் மேயுது, திருப்பு, எல்லாம் கை. அந்தப் பாஷையில் ஊரிலேயே தேர்ந்தவர் அவர். மற்றவர்கள் தப்புத் தப்பாகக் கையை ஆட்ட, அவர் ஒரு விரலை மடக்கினால் மூன்று போட் திரும்புமாம். கரைக்கு வந்து இறங்கினால் எஞ்சினை நிறுத்துவார்கள். எஞ்சின் நின்றதும் அவர் ஊமையன்.

இதை எத்தனையோ வருடம் யோசித்திருக்கிறேன். கடலிலும் அவருக்குக் காது கேளாதுதான். கரையிலும் கேளாதுதான். மாறியது அவர் இல்லையே. நாங்கள் எந்தப் பாஷையில் பேச முடிவெடுத்தோம் என்பதுதான் மாறியது.

இந்தக் கரையில் அது புதிதும் இல்லை. முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, நடந்த கரை இது. 1905 சலாபத்தின்போது இதே மறிச்சுக்கட்டி மணலில் சில கிழமைக்கு ஒரு பட்டணமே முளைத்தது. அரபிகளும், கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்துக் குளியாட்களும், வியாபாரிகளும், காவற்காரரும் என்று பல்லாயிரம் பேர். குளியாள் கல்லில் காலை வைத்து இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருக்கிறவரால் வாய் திறக்க முடியாது. மூச்சு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோதான் தாங்கும். தூக்கு என்று சொல்ல அவருக்கு இருக்கிற ஒரே சொல் கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவது. அந்த வெட்டை மேலே இருக்கிற கை உணரவேண்டும். உணராவிட்டால் ஆள் இல்லை. நம் முன்னோரின் உயிர் குரலில் தொங்கவில்லை, கயிற்றில் தொங்கியது. அப்படிப்பட்ட கரையில் இருந்துகொண்டு, வாயால் பேசுகிறவன்தான் முழு மனுசன் என்று நாம் எப்படி நினைக்கத் தொடங்கினோம்?

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன்.

நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். சென்னையில் தூலிகா என்று ஒரு பதிப்பகம், 1996 முதல் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் படப் புத்தகம் போடுகிறார்கள். அவர்கள் 2013 இல் ‘கேட்ச் தட் கேட்’ என்று ஒன்று போட்டார்கள். தாரிணி விஸ்வநாத் எழுதியது, படம் நான்சி ராஜ். டிப் டிப் என்று ஒரு பெண்பிள்ளை. ஒரு இடத்தில் இருக்காத பிள்ளை. சிநேகிதியின் பூனை காணாமல் போய்விடுகிறது. தேடுகிறாள், கண்டுபிடிக்கிறாள், அது மரத்தில் இருக்கிறது, இவளும் மரத்தில் ஏறத் துணிகிறாள். அவ்வளவுதான் கதை. டிப் டிப் சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளை. அந்தச் சொல்லை எழுத்தில் தேட வேண்டாம், அது படத்தில் இருக்கிறது. ‘பாவம், அவளுக்கு நடக்க ஏலாது’ என்று ஒரு வரி இல்லை. கடைசிப் பக்கத்தில் அவள் எழுந்து நடக்கவும் இல்லை. பூனை கிடைக்கவேண்டும், அதுதான் கதையின் கவலை.

இதை என் வகுப்பில் வாசித்தேன். படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாசிப்பேன். மரப் பக்கம் வந்ததும் ஒருவன் கேட்டான், “கதிரையில இருந்துட்டு எப்பிடி டீச்சர் மரம் ஏறுற?” நான் வாய் திறக்குமுன் பக்கத்துப் பிள்ளை சொன்னது, “கையால ஏறுறா, தெரியல்லையா?” அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. பிறகு எல்லோரும் பூனையைப் பற்றித்தான் கதைத்தார்கள். என் வகுப்பில் காலுக்குத் தாங்கி போட்ட ஒரு பிள்ளை இருக்கிறது. அது எப்போதும் கரையோரம் இருக்கும், பேச்சுக் குறைவு. கதை முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போன பிறகு என்னிடம் வந்து, “சில்லு வாற பக்கத்தை மறுகா காட்டுங்க” என்றது. காட்டினேன். கன நேரம் பார்த்தது. பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு சொன்னது, “இவ சரியான குழப்படிக்காரி.”

குழப்படிக்காரி. அந்தச் சொல்லை நான் அன்று பிடித்துக்கொண்டேன். நம் ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கு நாளுக்குப் பத்துத் தரம் அந்தச் சொல் கிடைக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது வேறு சொல்: ‘பாவம்’. கல்யாண வீட்டில் கண்டால் பாவம். பெருநாளைக்குப் புது உடுப்போடு கண்டால் பாவம். கையில் ஒரு சல்லிக் காசை வைத்து, தலையைத் தடவி, பாவம். அன்பால் சொல்கிறோம், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை விழித்ததிலிருந்து படுக்கும் வரை அந்த ஒரு சொல்லையே கேட்டு வளர்ந்தால் அதற்கு என்ன தெரியும்? தான் மற்றவர்களின் இரக்கத்துக்காகப் படைக்கப்பட்ட ஒன்று என்றுதான் தெரியும். குழப்படி செய்ய அதற்கு உரிமை இல்லை. கோபப்பட உரிமை இல்லை. பூனைக்குப் பின்னால் ஓட உரிமை இல்லை. டிப் டிப் அந்த உரிமையை என் வகுப்புக்குள் கொண்டு வந்தாள்.

நாம் சின்ன வயதில் கேட்ட கதைகளை நினைத்துப் பாருங்கள். கண் தெரியாதவர் வந்தால் அவர் பிச்சைக்காரர். நொண்டி வந்தால் அவர் சூழ்ச்சிக்காரர், இல்லாவிட்டால் யாரோ செய்த பாவத்தின் கூலி. நல்ல பிள்ளையாக வந்தால் கடைசியில் மருந்தாலோ துஆவாலோ சுகமாகிவிடும். சுகமாகாத பிள்ளை அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு எங்கே இருந்தது? நம் பக்கத்தில்தான் இருந்தது. தான் நல்ல பிள்ளையில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு இருந்தது.

இப்படிப் பேசும்போது மார்க்கம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கலாம். மௌலவி இருக்கிறார், பிழையென்றால் திருத்தட்டும். ‘அபஸ’ அத்தியாயம் எதற்காக இறங்கியது? நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரம் கண் தெரியாத ஒரு தோழர் கேள்வியோடு வந்தார். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம். நபியவர்கள் முகம் சுளித்துத் திரும்பினார்கள். கண் தெரியாதவருக்கு அந்தச் சுளிப்புத் தெரிந்திருக்காது. ஆனால் வானத்திலிருந்து வசனம் இறங்கியது. அந்தத் தோழர்தான் பிறகு பிலால் ரலியல்லாஹு அன்ஹு அவர்களோடு பாங்கு சொன்னவர். நபியவர்கள் வெளியே போனபோது மதீனாவில் பொறுப்பாக விட்டுப்போன தடவைகளும் உண்டு. பாருங்கள், அவருக்குக் கண் திறந்ததாக வரலாறு இல்லை. பொறுப்புக் கொடுத்ததாக இருக்கிறது. மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்களின் நாவில் முடிச்சு இருந்தது நமக்குத் தெரியும். பிர்அவ்னின் சபைக்குப் போனார்கள், துணைக்கு ஹாரூனைக் கேட்டு வாங்கிக்கொண்டு. துணை கேட்பது குறைவு இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தமிழிலும் இல்லாமல் இல்லை. இரட்டைப் புலவர் இருவர், ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவரால் நடக்க முடியாது. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். ஒருவர் பாதி, மற்றவர் மீதி. மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் துணி அலசும்போது துணி கையை விட்டுப் போய்விட, அதற்கும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வெண்பாவில் சிரித்துவிட்டுப் போனதாகக் கதை. எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பிடிக்கும். யாராவது ஒருவர் இதைப் பன்னிரண்டு படத்தில் வரைந்து கொடுத்தால் என் பிள்ளைகள் கிழியக் கிழிய வாசிப்பார்கள்.

பேச்சுத் தடுக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு புத்தகம் சொல்கிறேன். கனடாக் கவிஞர் ஜோர்டன் ஸ்காட் எழுதி, சிட்னி ஸ்மித் வரைந்து 2020 இல் வந்தது, ‘ஐ டோக் லைக் எ ரிவர்’. எழுதியவருக்கே பேச்சுத் தடுக்கும். கதையில் ஒரு பையன் வகுப்பில் எழுந்து பேச முடியாமல் நிற்கிறான், மற்றவர்கள் அவன் வாயையே பார்க்கிறார்கள். வாப்பா வந்து கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறார். உபதேசம் இல்லை. ஆற்றைக் காட்டுகிறார். சுழிக்கிறது, நுரைக்கிறது, கல்லில் மோதித் தேங்குகிறது, திரும்பவும் ஓடுகிறது. நீ பேசுவதும் இப்படித்தான் என்கிறார். நடுவில் ஒரு பக்கம் விரிந்து திறக்கும், தண்ணீர் முழுதும் வெயில், பையன் அதற்குள் நிற்கிறான். நமக்குத் தெற்கே மோதரகம் ஆறு ஓடுகிறது. மாரியில் அது ஒருநாளாவது நேராக, தடங்காமல் கடலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அதை யாராவது திக்குவாய் என்றோமா?

வேறு விதமாக யோசிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும், அவர்கள்தான் அதிகம் அடி வாங்குகிறார்கள். ஓட்டிசம், டிஸ்லெக்சியா, ஓர் இடத்தில் இருக்க முடியாத துடிப்பு. இதையெல்லாம் சேர்த்து இப்போது நரம்பியல் பன்மை என்கிறார்கள். பெயரை விடுங்கள். எல்லா மூளையும் ஒரே வழியால் வேலை செய்வதில்லை என்பதுதான் பொருள்.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்று யோசித்திருக்கிறீர்களா? ‘கொ’ என்று எழுதுகிறோம். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் ‘க’. கண் முதலில் காண்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ‘க்’. நமக்கு இது பழகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு பூட்டு. அதை ‘மக்கு’ என்று கூப்பிட்டுப் பின் வாங்கில் இருத்துகிறோம். அதே பிள்ளையிடம் படப் புத்தகத்தைக் கொடுங்கள். படத்தின் மூலையில் ஒளிந்திருக்கும் ஓணானை அதுதான் முதலில் காணும். கதையைப் படத்திலிருந்து அதுவே சொல்லும். அன்றைக்கு அது வகுப்பின் ஆசிரியர்.

இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இராமேஸ்வரத்துக்காரர் ஒருவர், யெஸ். பாலபாரதி. ஓட்டிசம் உள்ள மகனின் தகப்பன். ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ என்று தமிழில் எழுதினார். ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ என்ற சிறுவர் நாவலுக்கு 2020 இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. ‘சந்துருவுக்கு என்னாச்சு?’ என்று ஓட்டிசம் உள்ள பிள்ளையை வைத்துச் சிறுவர்களுக்கே ஒரு கதை எழுதினார். அதைப் படப் புத்தகம் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. ஆனால் நம் பாஷையில், நம் காற்று அடிக்கிற கரையிலிருந்து வந்த ஒரு தகப்பன் எழுதியது. அதற்காக அதை இங்கே சொல்ல விரும்பினேன்.

டோட்டோ-சானைப் பல ஆசிரியர்கள் வாசித்திருப்பீர்கள். தெத்சுகோ குரோயாநாகி எழுதி 1981 இல் ஜப்பானில் வந்தது, தமிழிலும் இருக்கிறது. முதல் பள்ளிக்கூடத்தில் குழப்படி தாங்காமல் வெளியே அனுப்பப்பட்ட பிள்ளையின் கதை. அவளை ஏற்றுக்கொண்ட அடுத்த பள்ளிக்கூடத்தின் அதிபர் கொபயாஷி விளையாட்டுப் போட்டி வைத்ததை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். வகுப்பில் கைகால் குட்டையாக வளராமல் நின்றுபோன ஒரு பையன். போட்டிகளை அதிபர் எப்படி அமைத்தார் என்றால், அந்தக் குட்டை உடம்புக்கு வசதியான போட்டிகளாக அமைத்தார். எல்லாவற்றிலும் அவன்தான் முதலாவது. பரிசு என்ன? கோப்பை இல்லை, மரக்கறி. முள்ளங்கியும் கீரையும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறியாக்கித் தின்றார்கள். அந்தப் பள்ளிக்கூடம் 1945 இல் குண்டு விழுந்து எரிந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே அதிபர், அடுத்து எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் கட்டலாம் என்று மகனிடம் கேட்டாராம். காடு மூடிப்போன ஊருக்குத் திரும்பி வந்து, மரத்தடியில் முதல் வகுப்பு வைத்தவர்கள் நாம். அந்தக் கேள்வி நமக்கும் உரியது. இங்கே நடக்கும் இல்ல விளையாட்டுப் போட்டியில் என் வகுப்பில் காலுக்குத் தாங்கி போட்ட பிள்ளைக்கு எந்தப் போட்டி இருக்கிறது? இதுவரை அதற்குக் கைதட்டுகிற வேலைதான் இருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கும் சில ஆசிரியர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பதக்கம் வென்றவர்களின் கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும் என்கிறார்கள். மாலதி ஹொல்லா என்ற இந்திய வீராங்கனையைப் பற்றி ‘விங்ஸ் டு ஃப்ளை’ என்று சௌம்யா ராஜேந்திரன் எழுதிய படப் புத்தகம் என் அலுமாரியிலும் இருக்கிறது, ஆசையாக வாசிப்பேன். ஆனால் பதக்கம் வென்றால்தான் ஒரு பிள்ளை புத்தகத்துக்குள் வரலாம் என்றால், வெல்லாத பிள்ளை எங்கே போகும்? காலுள்ள பிள்ளைகள் எல்லோரும் ஓட்டத்தில் வென்றா கதைக்குள் வந்தார்கள்? லாவண்யா கார்த்திக் எழுதி ப்ரொய்த்தி ராய் வரைந்த ‘எ வாக் வித் தம்பி’யில் கண் தெரியாத பையன் தன் நாயோடு உலாத்தப் போய் வருகிறான், அவ்வளவுதான் நடக்கிறது. அது போதும். சும்மா ஒரு பின்னேரம் நடந்துபோக ஒரு பிள்ளைக்கு இருக்கிற உரிமை சின்னதா?

லடாக் மலையில் நடக்கிற ‘சுஸ்கித் கோஸ் டு ஸ்கூல்’ கதையில், சுஜாதா பத்மநாபன் எழுதியது, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி மேடும் பள்ளமும் என்பதால் சக்கர நாற்காலிப் பிள்ளை வீட்டிலேயே கிடக்கிறாள். அப்துல் என்று ஒரு பையன் அதை அதிபரிடம் கொண்டு போகிறான். பிள்ளைகளும் பெரியவர்களும் மண் வெட்டி, கல் பொறுக்கி, வழியைச் சரிசெய்கிறார்கள். பிழை சுஸ்கித்தின் காலில் இல்லை, வழியில் இருந்தது. எங்கள் பாடசாலை வாசலில் மூன்று படி இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை, மேசன்மார் இந்தக் கூட்டத்தில் ஐந்து பேராவது இருக்கிறீர்கள்.

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 8 ஆம் உறுப்புரை, சின்ன வயதிலிருந்தே எல்லாப் பிள்ளைகளிடமும் இந்த மரியாதையை வளர்க்கச் சொல்கிறது. ‘எல்லாப் பிள்ளைகளிடமும்’ என்கிறது, கவனியுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில், இந்த நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏதோ ஒரு வகை இயலாமையோடு இருக்கிறார்கள் என்று வந்தது. அதில் வயதானவர்கள் அதிகம்தான். ஆனால் அவர்கள் யாருடைய வாப்பா உம்மா? பேரப்பிள்ளை அவர்களை எந்தக் கண்ணால் பார்க்கப் பழகும்?

ஆகையால் நூலகப் பொறுப்பாளரிடம் என் வேண்டுகோள். இந்தப் புத்தகங்கள் வந்தால் ‘விசேட தேவை’ என்று அட்டை ஒட்டித் தனி அலுமாரியில் பூட்டாதீர்கள். பூனைக் கதையோடு பூனைக் கதையாக வையுங்கள். காசு இல்லையென்றால் வழி இருக்கிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக் கதைகள் இலவசம், போனிலேயே திறக்கலாம், அச்செடுத்துத் தைக்கலாம்.

ஆனால் சென்னைப் புத்தகத்தில் வரும் மரம் சென்னை மரம். கனடா ஆறு கனடா ஆறு. நம் பிள்ளை தன் கடலை ஒரு புத்தகத்தில் எப்போது காண்பது? சிபில் வெத்தசிங்க அம்மா 1956 இல் ஒரு சிங்களக் கிராமத்துக் குடைத் திருட்டைக் கதையாக்கி வரைந்தார். அந்தக் கிராமத்தை ஜப்பான் பிள்ளைகள் வரை அறிந்துகொண்டார்கள். கிராமம் சின்னது என்பது ஒரு காரணமே இல்லை.

அதனால் நாங்கள் ஒன்று செய்தோம். என் முன்பள்ளிப் பிள்ளைகளும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும், நானும். பன்னிரண்டு பக்கம். பெயர் ‘கயிறு’. சலாபக் காலத்துக் கதை. தோணியில் ஒரு பையன், காது கேளாது. தோணி முழுக்கக் கூச்சல், பாட்டு, சண்டை. எல்லாருடைய கவனமும் சிதறுகிறது. அவனுடைய கவனம் மட்டும் கயிற்றில். கீழே ஒரு வெட்டு. மற்றவர் யாருக்கும் தெரியவில்லை. அவன் இழுக்கிறான். மீதியைச் சொல்ல மாட்டேன்.

படம் எல்லாம் பிள்ளைகள் வரைந்தது. மெக்சிகோவில் 2006 இல் வெளிவந்தது, மெனேனா கொத்தின் என்பவர் எழுதிய ஒரு புத்தகம், முழுதும் கறுப்புத் தாள், படங்கள் தாளில் மேடாக நிற்கும், கண் தெரியாத பிள்ளை விரலால் பார்க்கும். அதைக் கேள்விப்பட்டுத்தான் எங்களுக்கு இந்த யோசனை வந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உண்மையான கயிறு ஒட்டியிருக்கிறோம், வலை பொத்துகிற நூலை மூன்றாகத் திரித்தது. பக்கத்துக்குப் பக்கம் துளை போட்டுக் கோத்திருக்கிறது. படத்தில் கடலடி வரும் இடத்தில் பசை பூசி நம் கரை மணலைத் தூவினோம்.

ஒன்பதாம் பக்கம் சிப்பிப் பாரு, கடலடியில் சிப்பி நிறைந்து கிடக்கும் இடம். அதை வரைந்த பையன் என்னிடம் ஒரு வருடமாக ஒரு சொல்லும் பேசவில்லை. மற்றப் பிள்ளைகள் விளையாட வெளியே ஓடினால் அவன் நான் பெட்டியில் வைத்திருக்கும் சிப்பிகளைக் கொட்டிப் பெரிதிலிருந்து சின்னதாக வரிசை வைப்பான். முடிந்ததும் கலைத்துவிட்டுத் திரும்பவும் வைப்பான். முதலில் நான் அதைத் தடுத்தேன். பெட்டியைப் பறித்து வைத்து, “போய் விளையாடு மகன்” என்று தள்ளினேன். அது அவனுடைய விளையாட்டு என்று எனக்கு விளங்கப் பல மாதம் போனது. அதற்காக அவனிடமும் அவன் உம்மாவிடமும் இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன். பாரு வரைய யாருக்கும் பொறுமை இல்லை. அவன் முன்னால் தாளை வைத்தேன். மூன்று நாள். எண்ணிப் பார்த்தேன், அறுபத்தேழு சிப்பி, ஒன்றைப் போல் ஒன்று இல்லை. கடைசிச் சிப்பியை வரைந்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி, விரலை வைத்து ஒரு சொல் சொன்னான். “முத்து.” பாருங்கள், அந்தச் சிப்பி மட்டும் கொஞ்சம் திறந்திருக்கும்.

ஒரு பிரதிதான் இருக்கிறது. மேசைக்குள் வைத்துப் பூட்டப் போவதில்லை, கைக்குக் கை போகட்டும். மணல் உதிரும், பரவாயில்லை, மணல் நம்மிடம் நிறைய இருக்கிறது. முதலில் பின் வரிசைக்குக் கொடுங்கள். சுவரோரம் வாப்பாவின் மடியில் கண் தெரியாத ஒரு மகள் இருக்கிறா. மகள், விரலைக் கொண்டு வாங்க. கயிறு இந்த மூலையில் தொடங்குது. பிடிச்சுக்கொண்டு போங்க, எங்க வெட்டு விழுதெண்டு நீங்க சொல்லுங்க எங்களுக்கு.